ஒரே அளவு யாருடைய செயல்?

நீரில் ஸ்டைரீனை விட்டு, நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றி, 70 டிகிரி செல்சியஸில் கலக்கிக்கொண்டே சிறிது பொட்டாசியம் பெர்சல்பேட்டைச் சேர்த்தால், ஒரு நாளுக்குள் குடுவை முழுவதும் வெண்மையான பால்மமாகிவிடும். அதில் மிதப்பவை பாலிஸ்டைரீன் உருண்டைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 400 நானோமீட்டர், பால்மத்தில் பத்தில் ஒரு பங்கு பலபடி என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 3 லட்சம் கோடி உருண்டைகள் இருக்கும். கவனமாகச் செய்த தயாரிப்பில் அவற்றின் விட்டம் சராசரியிலிருந்து சில சதவீதமே விலகுகிறது. அச்சில் வார்க்கவில்லை, சல்லடையில் சலிக்கவில்லை. வழக்கமான பால்மப் பலபடியாக்கத்தில் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பும் இங்கே சேர்க்கப்படவில்லை. ஆனாலும் 300 நானோமீட்டர் வேண்டுமென்றால் 300-க்கு அருகிலும், 600 வேண்டுமென்றால் 600-க்கு அருகிலும் கொண்டுவர வேதியியலாளருக்கு வழி தெரியும்.

இந்த எளிய குடுவை ஒரு பழைய சமயக் கேள்வியைத் தொடுகிறது. ஒன்றுபோலவே இருக்கும் பொருள்கள் ஏராளமாகக் கிடக்கக் கண்டால், அவற்றைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று முடிவுகட்டலாமா?

முடிவுகட்டலாம் என்று வலுவாகச் சொன்னவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1873-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் மூலக்கூறுகளைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் இந்த வாதம் வருகிறது. சிரியஸ் விண்மீனிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அங்குள்ள ஹைட்ரஜனும் பூமியில் உள்ள ஹைட்ரஜனும் ஒரே அதிர்வெண்களில் அதிர்வது தெரிகிறது. இத்தனை தொலைவில், ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களில், அணுவளவும் பிசகாத ஒப்புமை எங்கிருந்து வந்தது? உயிர்களின் பரிணாமம் போன்ற இயற்கை நிகழ்வு மாற்றத்தையும் வேறுபாட்டையும் உண்டாக்குமே தவிர, இப்படிப்பட்ட முழு ஒப்புமையை உண்டாக்காது என்பது அவர் கருத்து. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் முன்பே சொல்லியிருந்ததை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் உற்பத்தி செய்யப்பட்ட பொருளின் இயல்பைக் கொண்டவை, ஆகவே அவை தாமாக என்றென்றும் இருந்தவையாக இருக்க முடியாது என்றார். மேக்ஸ்வெல் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். ஆனாலும் இந்த வாதத்தை அவர் இயற்பியலின் எல்லையில் நின்றே பேசினார்; அறிவியல் அதற்கு மேல் போக முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1876-இல், குளோஸ்டர்–பிரிஸ்டல் மறைமாவட்டத்தின் ஆயரான எலிகாட்டுக்கு எழுதிய கடிதத்தில் தன் கருத்தை இன்னும் கூர்மையாக்கினார். ஒரே முறையில் உருவானதால் விளையும் ஒப்புமை வேறு, ஒரே அறிவு நாடி நிறைவேற்றிய ஒப்புமை வேறு என்று பிரித்து, தாம் மனத்தில் கொண்டது இரண்டாவதையே என்று விளக்கினார். இந்தப் பிரிவினையே கேள்வியின் உயிர்நிலை. உருவாகும் முறை மட்டுமே எவ்வளவு தூரம் ஒப்புமையைத் தர முடியும் என்பது தெரியாதவரை, நாடிச் செய்த ஒப்புமைக்கு எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது. சோப்பில்லாப் பால்மப் பலபடியாக்கம் அதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான இடம். அதன் அளவு விதிகளை 1970களில் வகுத்தவர்கள் எலிகாட்டின் மறைமாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த அதே பிரிஸ்டல் நகரின் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் என்பது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைக்கத் தகுந்த தற்செயல்.

சோப்பு இல்லாததுதான் இந்தச் சோதனையின் தெளிவுக்குக் காரணம். சோப்பு சேர்க்கும் முறையில், எத்தனை துகள்கள் தோன்றும் என்பதைப் பெரும்பாலும் சோப்பின் அளவு தீர்மானிக்கிறது; வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் ஒழுங்கைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம். ஜப்பானில் மட்சுமோட்டோவும் ஓச்சியும் 1965-இல் சோப்பு இல்லாமலே நிலையான பாலிஸ்டைரீன் பால்மத்தைப் பெற முடியும் என்று காட்டினார்கள். 1970-இல் கொட்டெரா, ஃபுருசவா, தகேடா ஆகியோர் அதைத் தொடர்ந்தார்கள். சோப்பு ஒட்டாத தூய பரப்புள்ள துகள்கள் கூழ்ம ஆய்வுக்கும், பின்னர் எதிர்ப்பொருள்களை ஏற்றிச் செய்யும் மருத்துவப் பரிசோதனைகளுக்கும் மிகவும் தேவைப்பட்டன. மெய்யியல் நோக்கில் கிடைத்த பயனும் அதே தூய்மைதான்: ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது சந்தேகப்பட வேண்டிய பொருள்களின் எண்ணிக்கை குறைந்தது.

குடுவைக்குள் நடப்பது இது. ஸ்டைரீன் நீரில் மிகச் சிறிதே கரையும். லிட்டருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சூட்டில் பெர்சல்பேட் இரண்டாகப் பிளந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட சல்பேட் தனி உறுப்புகளைத் தருகிறது. அவை கரைந்திருக்கும் ஸ்டைரீனை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குட்டிச் சங்கிலிகளாகின்றன. சங்கிலியின் ஒரு முனை மின்னூட்டம் கொண்டது, நீரை விரும்புவது. மறுபகுதி நீரை வெறுப்பது. ஆக, சேர்க்கப்படாத சோப்பை இந்த வினையே தனக்காக உண்டாக்கிக்கொள்கிறது. சங்கிலி சற்று நீண்டதும் நீரில் கரைந்திருக்க முடியாமல் சுருண்டு விழுகிறது, அல்லது தன்னையொத்தவற்றோடு கூடிக்கொள்கிறது. அப்படித் தோன்றும் முதல் கருக்கள் சில நானோமீட்டர் அளவே உள்ளவை. ஒன்றையொன்று தள்ளி நிறுத்தப் போதுமான மின்னூட்டம் அவற்றின் பரப்பில் இருப்பதில்லை. எனவே மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டிக்கொள்வதே ஒட்டுதலுக்கு முடிவும் கட்டுகிறது. சம அளவுள்ள இரண்டு கருக்கள் ஒன்றாகி ஒரே உருண்டையானால், மின்னூட்டம் இரட்டிப்பாகும். பரப்போ ஏறத்தாழ 1.6 மடங்கே ஆகும். பரப்பின் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும் உரிய மின்னூட்டம் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இப்படிச் சில தடவை கூடிய பிறகு, வந்து மோதும் அடுத்த பெரிய துகளை விரட்டும் அளவுக்கு விலக்கு விசை வலுத்துவிடும். அந்த நிலையை எட்டிய துகள்கள் நிலைத்து நிற்கின்றன; அதன்பின் புதிதாக உண்டாகும் குட்டிச் சங்கிலிகளையும் பச்சைக் கருக்களையும் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. புதிய துகளுக்கு இடமில்லாமல் போகிறது. வினையின் ஆரம்பக் கட்டத்திலேயே துகள்களின் எண்ணிக்கை முடிவாகிவிட, மீதி நேரமெல்லாம் இருப்பவை வளர்வதில் கழிகிறது.

அளவு ஒன்றாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இதிலிருந்து புலப்படும். எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை; பிறப்பில் இருந்த சிறு முன்பின் வேறுபாடு நீண்ட வளர்ச்சிக்கு முன் அற்பமாகிவிடுகிறது. பிறப்பும் வளர்ச்சியும் இப்படிக் காலத்தால் பிரிந்து நிற்பதே ஒரே அளவுக்கு அடிப்படை என்பதை விக்டர் லமெரும் டைனகரும் கந்தகக் கூழ்மங்களை வைத்து 1950-இலேயே விளக்கியிருந்தார்கள். இரண்டாவது காரணம் வளர்ச்சியின் கணக்கிலேயே இருக்கிறது. பெரிதும் சிறிதுமான இரண்டு துகள்கள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரே கன அளவைச் சேர்த்துக்கொண்டால், சிறியதன் விட்டம்தான் அதிகம் கூடும். சிறியது பெரியதை எட்டிப் பிடிக்கிறது. யாரும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யாமலே வேறுபாடுகள் தேய்கின்றன.

இதில் வேதியியலாளர் எங்கே இருக்கிறார்? துகளின் அளவை அவர் நேரடியாகத் தொடுவதில்லை. ஊற்றிய ஸ்டைரீனின் மொத்த அளவு தெரிந்தது. எனவே துகள்கள் எத்தனை என்பது முடிவானால் ஒவ்வொன்றின் அளவும் முடிவாகிவிடும். விட்டம் இரட்டிப்பாக வேண்டுமானால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைய வேண்டும். எண்ணிக்கையோ, கருக்கள் ஒட்டிக்கொள்வது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண உப்பைச் சிறிது சேர்த்தால் துகளைச் சுற்றியுள்ள மின்னிரட்டை அடுக்கு மெலிகிறது, விலக்கு விசையின் கை குறுகுகிறது, ஒட்டுதல் நீடிக்கிறது, துகள்கள் குறைந்து பெரிதாகின்றன. சூட்டைக் கூட்டினால் தனி உறுப்புகள் விரைவாகப் பெருகி, கருக்கள் ஒரே நேரத்தில் அதிகமாகத் தோன்றி, துகள்கள் சிறுக்கின்றன. ஸ்டைரீனைக் கூட்டினால் விட்டம் கூடுகிறது. மின்னூட்டம் தாங்கிய இன்னொரு ஒற்றைப்படியை, சோடியம் ஸ்டைரீன் சல்போனேட்டைப் போன்ற ஒன்றை, சிறிது கலந்தால் துகள்கள் வெகுவாகச் சிறுத்துவிடும்.

பிரிஸ்டலில் குட்வின், ஹெர்ன், ஹோ, ஆட்டேவில் ஆகியோர் 1974-இல் இவற்றை ஒரே சமன்பாட்டில் கட்டினார்கள். நீரில் கரைந்த உப்பைப் பொறுத்த அயனி வலிமையின் ஏறத்தாழ நான்காம் மூலத்தையொட்டி விட்டம் கூடுகிறது. அதாவது விட்டத்தை இரட்டிப்பாக்க அயனி வலிமையைக் கிட்டத்தட்ட 16 மடங்காக்க வேண்டும். பெர்சல்பேட்டின் நிலை விசித்திரமானது. தனி உறுப்புகளைத் தருவதால் அது துகளைச் சிறிதாக்கப் பார்க்கும். தானே ஓர் உப்பு என்பதால் பெரிதாக்கவும் பார்க்கும். வேறு உப்பு இல்லாத குடுவையில் இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பெர்சல்பேட்டை மாற்றியும் அளவு மாறவில்லை என்று கண்டு, அதற்கும் அளவுக்கும் தொடர்பில்லை என்று முடிவுசெய்பவர் ஏமாந்துபோவார். அயனி வலிமையைத் தனியே நிலைநிறுத்திய பிறகே பெர்சல்பேட்டின் சொந்த விளைவு வெளிப்படும். காரணம் என்று எதைச் சொல்வது என்பதில் மெய்யியலாளர்கள் காட்டும் எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது: முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகம் தோன்றி நின்று அழிவதாக இருப்பதால் அதற்கும் ஒரு நிமித்த காரணன் வேண்டும் என்பது மெய்கண்டாரின் சிவஞான போதம் எடுத்த எடுப்பிலேயே நிறுவும் முடிவு. சடப்பொருள் தானே ஒழுங்குபெறாது என்பது இதற்குத் துணைநிற்கும் கொள்கை. குடுவைக்கு இந்தப் பகுப்பைப் பொருத்தினால் ஸ்டைரீனும் பெர்சல்பேட்டும் முதற்காரணம். வெப்பம், உப்பு, கலக்கி ஆகியவை துணைக்காரணம். வேதியியலாளர் நிமித்த காரணர். பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. குயவனின் கை ஒவ்வொரு குடத்தின் மீதும் படுகிறது. இங்கே எந்தத் துகளின் மீதும் யாருடைய கையும் படவில்லை.

சித்தாந்தமே இதற்கு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. இறைவன் ஐந்தொழிலையும் கைகொண்டு முயன்று செய்வதில்லை. அவன் சந்நிதியில் அவை நிகழ்கின்றன. கதிரவன் எதிரே ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று முகையாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. கதிரவன் அதனால் மாறுவதில்லை. குடுவைக்கு நெருங்கி வருவது குயவனைவிட இந்த உவமைதான். எல்லாக் கருக்களுக்கும் ஒரே வெப்பம், ஒரே உப்பு. எது நிலைத்து நிற்கும், எது இன்னொன்றில் மறையும் என்பது ஒவ்வொன்றும் அடைந்திருக்கும் பக்குவத்தைப் பொறுத்தது.

ஐரோப்பிய இறையியலில் இதே இடத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. 1680-இல் வெளியான இயற்கையையும் அருளையும் பற்றிய நூலில் நிக்கோலா மால்பிராஞ்சு, கடவுள் பொது விருப்பங்களால் செயல்படுகிறார், தனித்தனி விருப்பங்களால் அல்ல என்று வாதிட்டார். மழை விளைநிலத்தில் பெய்வதைப் போலவே கடலிலும் பெய்து வீணாகிறது. ஒவ்வொரு துளியும் எங்கே விழ வேண்டும் என்று கடவுள் தனித்தனியே விரும்பியிருந்தால் அப்படி நடந்திராது. எளிய பொது விதிகளை வைத்து, அவற்றின் விளைவுகளை ஏற்பதே கடவுளின் ஞானத்துக்கு ஏற்றது என்றார். அந்துவான் ஆர்னோ இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நாடாத இறை பராமரிப்பு பராமரிப்பே ஆகாது என்பது அவர் கவலை. சமய வாழ்வின் பக்கம் நின்று பார்த்தால் ஆர்னோவின் கவலை மிக நியாயமானது; பிரார்த்தனை செய்பவர் விதிகளிடம் பிரார்த்திப்பதில்லை. ஆனால் பொது நாட்டமும் நாட்டமே என்பதைக் குடுவை காட்டுகிறது. எந்தத் துகளின் அளவும் தனியே திட்டமிடப்படவில்லை. எல்லாத் துகள்களின் அளவும் திட்டமிடப்பட்டது. கலக்கியின் தண்டிலும் குடுவையின் சுவரிலும் திரண்டு ஒட்டிக்கொண்டு வீணாகும் பலபடி, மால்பிராஞ்சின் கடலில் பெய்த மழைக்கு நிகர்.

மேக்ஸ்வெல்லின் பிரிவினைக்கு இப்போது திரும்பலாம். நீர்த்தொட்டியின் வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி, வேதியியலாளர் அறியாமலே குடுவை சில டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 400 நானோமீட்டர் துகள்களை எதிர்பார்த்தவருக்கு அதைவிடச் சிறிய துகள்கள் கிடைக்கும். அவையும் ஒன்றுபோலவே இருக்கும். யாரும் நாடாத அளவில், நாடிய அளவுக்குச் சற்றும் குறையாத ஒப்புமை. ஆக, இந்தக் குடுவையில் ஒப்புமை என்பது முறையின் கொடை; எந்த அளவு என்பதில்தான் நாட்டம் இருக்க முடியும். ஒன்றுபோல இருப்பதை மட்டும் கண்டு செய்தவரின் நோக்கத்துக்குத் தாவ முடியாது. மேக்ஸ்வெல்லின் வாதத்தில் இது ஒரு பெரிய விரிசல். அவர் கடிதத்தில் செய்த பிரிவினையோ இதனால் மேலும் உறுதிப்படுகிறது.

அளவைக் கண்டாவது நோக்கத்தை அறியலாமா? அதுவும் துகளை மட்டும் பார்த்து முடியாது. 400 என்பது வேண்டிப் பெற்றதா, பழுதால் வந்ததா என்பது ஆய்வகக் குறிப்பேட்டில்தான் தெரியும். இன்றைய இயற்கை இறையியல், ஒப்புமையை விட்டுவிட்டு, இயற்கை மாறிலிகளின் மதிப்புகள் உயிர் வாழ்வதற்கு ஏற்றவையாக நுட்பமாக அமைந்திருக்கின்றன என்ற வாதத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஒப்புமையிலிருந்து மதிப்புக்கு நகர்ந்தது சரியான திசை. ஆனால் படைப்புக்கு முன் எழுதிய குறிப்பேட்டைப் படித்தவர் யாருமில்லை. அந்த இடத்தை வெளிப்பாட்டாலும் நம்பிக்கையாலும் நிரப்பும் சமயம், தான் செய்வது அதுதான் என்று அறிந்திருக்கும்வரை தவறு செய்வதாகச் சொல்ல முடியாது.

குடுவை ஒரு மனிதரின் ஏற்பாடுதானே, அந்த ஏற்பாட்டிலேயே நாட்டம் ஒளிந்திருக்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, அதற்கு விடை ஓப்பல் கல்லில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன்ஸ், சாண்டர்ஸ், செக்னிட் ஆகியோர் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியால் விலையுயர்ந்த ஓப்பலைப் பார்த்தபோது, அது ஒரே அளவான சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்காக நிற்கும் அமைப்பு என்று தெரிந்தது. உருண்டைகளின் விட்டம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க சில நூறு நானோமீட்டர் என்பதால்தான் கல்லைத் திருப்பத் திருப்ப நிறங்கள் மாறுகின்றன. ஒரே அளவான பாலிஸ்டைரீன் துகள்கள் படியும்போதும் அதே வண்ண ஒளிர்வு தோன்றும். ஆஸ்திரேலியாவில் ஓப்பல் தோண்டப்படும் கூபர் பீடியின் நிலத்தடியில் நைட்ரஜன் ஓட்டியவரும் உப்பை நிறுத்தவரும் கிடையாது. கரைந்திருந்த சிலிக்கா, நீர், நீண்ட காலம் ஆகியவை மட்டுமே இருந்தன.

ஓப்பல் இன்னொன்றையும் கற்பிக்கிறது. அங்கே தோண்டி எடுக்கப்படுவதில் பெரும்பகுதி நிறம் காட்டாத மட்ட ஓப்பல். அதன் உருண்டைகள் அளவு ஒவ்வாதவை, அல்லது ஒழுங்கான அடுக்காக அமையாதவை. நகைக்கடைக்கு வருவது நிறம் காட்டும் சிறு பகுதி மட்டுமே. ஆய்வகத்திலும் திரிந்து கட்டியான தயாரிப்புகள் கொட்டப்படுகின்றன. ஆய்வுக் கட்டுரையின் படங்களில் இடம்பெறுவன ஒழுங்கான உருண்டைகளே. ஒழுங்கைக் கண்டு வியப்பவர் முன் ஏற்கெனவே பொறுக்கி எடுத்தவையே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒழுங்கிலிருந்து செய்தவரை நோக்கிச் செல்லும் எந்த வாதமும் ஒழுங்கற்றுப் போனவற்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 1779-இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் இயற்கைச் சமய உரையாடல்களில் ஃபைலோ என்ற பாத்திரம், ஒழுங்கு வெளியிலிருந்து ஓர் அறிவால் வர வேண்டியதில்லை, விதையிலிருந்து மரம் வருவதுபோல் பொருளின் உள்ளிருந்தே வரலாம் என்று வாதிடுகிறது. அப்போது அது வெறும் சாத்தியம். ஓப்பலும் பால்மமும் அதற்குப் பொறியமைவைக் காட்டுகின்றன.

இதனால் மேக்ஸ்வெல் முற்றிலும் தோற்றுவிட்டார் என்று சொல்வது அவசரம். அவர் பேசியது மூலக்கூறுகளைப் பற்றி. அவற்றின் ஒப்புமை வேறு தரத்தது. பாலிஸ்டைரீன் துகள்கள் சில சதவீதத்துக்குள் ஒத்தவை. சற்றே கூர்ந்து அளந்தால் ஒவ்வொன்றும் வேறு. ஒன்றில் உள்ள சங்கிலிகளின் எண்ணிக்கை இன்னொன்றில் இல்லை. முழுதும் ஒத்த இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று மெய்யியலாளர் லைப்னிட்ஸ் சொன்னது இவற்றுக்குப் பொருந்தும். ஹைட்ரஜன் அணுக்களோ, ஒரே ஐசோடோப்பாக இருக்கும்வரை, எத்தனை கூர்ந்து அளந்தாலும் ஒத்தவையே. பிறந்த காலம் நெருங்கியிருப்பதாலோ, சிறியது பெரியதை எட்டிப் பிடிப்பதாலோ வந்த ஒப்புமை இல்லை இது. வளர்ந்து சமமாகும் எதிலும் சிறு பிசகு எஞ்சியே தீரும்; இங்கே எஞ்சவில்லை. முறையால் வரும் ஒப்புமைக்கு மேக்ஸ்வெல் போட்ட எல்லை, அணுக்களைப் பொறுத்தவரை, சரியான இடத்தில்தான் போடப்பட்டிருந்தது.

அந்த ஒப்புமைக்கு இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் கொள்கை வேறொரு விளக்கம் தருகிறது. எல்லா எலெக்ட்ரான்களும் ஒரே எலெக்ட்ரான் புலத்தின் கிளர்வுகள். தனித்தனியே செய்யப்பட்டுப் பின்பு ஒத்துப்போன பல பொருள்கள் அல்ல. இரண்டு எலெக்ட்ரான்களை இடம் மாற்றிவைத்தால் புதிய நிலை எதுவும் உண்டாவதில்லை. கூழ்மத் துகள்கள் அப்படியல்ல. 1908-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரின், குங்கிலியம் போன்ற கம்போஜ் பிசினிலிருந்து மையவிலக்கால் ஒரே அளவான துகள்களைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றையும் எண்ணி, அணுக்கள் உண்மையாகவே உள்ளன என்பதற்கு அசைக்க முடியாத சான்று தந்தார். பால்மத் துகள்களையும் அவ்வாறே எண்ணலாம், ஒன்றைக் குறித்துவைத்துப் பின்தொடரலாம், இது அதுவல்ல என்று சொல்லலாம். எலெக்ட்ரான்களை அப்படிக் குறித்துவைக்க முடியாது. ஏன் இத்தனை பொருள்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற மேக்ஸ்வெல்லின் கேள்வி, பால்மத்தில் வேதியியலாளரின் விடையைப் பெறுகிறது. எலெக்ட்ரானில் அது, ஏன் இந்த ஒரு புலம் இருக்கிறது என்ற கேள்வியாக மாறி நிற்கிறது. அங்கே சரிசெய்ய வெப்பமும் இல்லை, கூட்டிக் குறைக்க உப்பும் இல்லை.